பனியே கொட்டாத ஊரில் இத்தனை பனிப்பாட்டா? தெரியுமா உங்களுக்கு!

சித்தூர் மாவட்டத்துக் கார்வேட்டிநகரத்தில் தரை வெளுக்கப் பனி கொட்டி யாரும் பார்த்ததில்லை. மார்கழி விடியலில் மூக்கு நுனி சில்லிடும். வாயைத் திறந்தால் புகை வரும். எட்டு மணிக்கு வெயில் வந்து எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டு போய்விடும். இந்த ஊர்க் குளிர் அவ்வளவுதான்! இந்தத் துளிக் குளிரை வைத்துக்கொண்டு இந்த வட்டாரமும் இதை ஒட்டிய தமிழ்நாடும் எத்தனை பாட்டுப் பாடியிருக்கின்றன தெரியுமா?

ஊர்ப் பேரிலேயே ஒரு பருவம் உட்கார்ந்திருக்கிறது, கவனித்தீர்களா? கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று தொல்காப்பியம் வகுத்த ஆறு பெரும்பொழுதில் முதலாவது கார். மழைக்காலத்தின் பேரில் ஓர் ஊரா என்று துள்ளிவிடாதீர்கள். காடு வெட்டித் திருத்திய நகரம், காடுவெட்டி நகரம், நாளடைவில் கார்வேட்டி ஆயிற்று என்றுதான் சொல்கிறார்கள். போகட்டும். அதே தொல்காப்பியத்தின் பாயிரம் தமிழ் பேசும் நிலத்துக்கு வடக்கெல்லை வேங்கடம் என்கிறது. கார்வேட்டிநகரம் வேங்கடமலைக்குத் தெற்கே! அந்தக் கணக்குப்படி ஆறு பொழுதும் இந்த ஊருக்கும் சொந்தம். ஒரே சிக்கல், பின்பனிக்கு மாசி, பங்குனி என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். பங்குனி மத்தியானம் பக்கத்துப் புத்தூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்!

இப்போது பெரிய ஆச்சரியம். திருமலையில் பெருமாளை எழுப்புவது எது? சுப்ரபாதம் என்பீர்கள். 1963ல் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடி இசைத்தட்டாக வந்த நாளிலிருந்து தென்னிந்தியாவின் டீக்கடைகளும் அதில்தான் கண் விழிக்கின்றன. ஆனால் மார்கழியில், அங்கே தனுர்மாசம் என்பார்கள், டிசம்பர் 16 அல்லது 17 தொடங்கி ஜனவரி நடுவரை, திருமலையில் சுப்ரபாதம் கிடையாது. அதற்குப் பதில் திருப்பாவை! தெலுங்கு நாட்டின் தலைக்கோயிலில், ஆண்டின் மிகக் குளிர்ந்த மாதத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண் ஒருத்தியின் தமிழ்தான் கதவு திறக்கிறது. அந்த மாதம் சகஸ்ரநாம அர்ச்சனைக்குத் துளசிக்குப் பதில் வில்வம். இரவில் பெருமாளைத் துயில வைக்கும் ஏகாந்த சேவையும் போக சீனிவாசருக்கு நடப்பதில்லை, கிருஷ்ணருக்கு நடக்கும். ஒரு மாதத்துக்குக் கோயிலின் பழக்கமே மாறிவிடுகிறது, ஓர் ஆண்டாளுக்காக!

தெலுங்கு உலகம் ஆண்டாளிடம் மயங்கியது அதோடு நிற்கவில்லை. விஜயநகரச் சக்கரவர்த்தி கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் ஒரு பெருங்காவியம் எழுதினார்: ஆமுக்தமால்யதா. பொருள், சூடிக்கொடுத்தவள். அவருக்கும் முன்பே திருமலையில் வாழ்ந்த அன்னமாச்சாரியார் ஒரு மங்கலப் பாட்டில் ‘சூடிக்கொடுத்த நாச்சியார்’ என்ற தமிழ்ப் பேரை மொழிபெயர்க்காமல் அப்படியே கொஞ்சம் தெலுங்கு நாக்கில் புரட்டி வைத்துவிட்டார். தெலுங்கில் அவ்வளவு பாடிய மனிதருக்கு இந்த ஒரு பேருக்கு மட்டும் வேறு சொல் பிடிக்கவில்லை போலும்!

அதே அன்னமாச்சாரியார் கொப்பிப் பாட்டும் செய்திருக்கிறார். கொப்பி என்றால்? தமிழ்நாட்டில் கோலத்து நடுவில் சாணிப் பிள்ளையார் வைத்துப் பூசணிப்பூ செருகுகிறோமே, அதன் தெலுங்குச் சகோதரி. பசுஞ்சாணத்தை உள்ளங்கையில் உருட்டி, மஞ்சள் குங்குமம் இட்டு, தலையில் பூசணிப்பூவைக் குத்தினால் அவள் கொப்பெம்மா. அவளைச் சுற்றிப் பெண் பிள்ளைகள் கைதட்டிப் பாடி வருவார்கள். சித்தூர் வட்டாரத்தில் ஒரே தெருவில் ஒரு வாசலில் பிள்ளையாரும் அடுத்த வாசலில் கொப்பெம்மாவும் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். பூ இரண்டுக்கும் ஒன்றுதான்.

இனி, நின்று பார்க்க வேண்டிய இடம். உலகத்தின் தலைசிறந்த குளிர்காலப் பாட்டுகளில் ஒன்று தமிழில் இருக்கிறது, அதுவும் சுமார் இரண்டாயிரம் வருடப் பழையது! பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை. நக்கீரர் பாடியது. வெறும் 188 அடி. அதற்குள் எத்தனை நடுக்கம்! கோவலர்கள் கொள்ளியில் கை காய்ச்சுகிறார்கள், ஆனாலும் கன்னம் தடதடக்கிறது. மாடு மேய மறக்கிறது. குரங்கு கூனிக் குறுகுகிறது. கறவைப் பசு தன் கன்றையே உதைத்துத் தள்ளுகிறது. வீட்டு இறப்பில் ஒரு செங்கால் புறா, ஜோடியோடு இரை தேடப் போக மனமில்லாமல், இரவா பகலா என்று தெரியாமல், கால் மாற்றிக் கால் மாற்றி உட்கார்ந்திருக்கிறது. மழைக்காலத்தில் உங்கள் ஜன்னல் சன்ஷேடில் அந்தப் புறாவை நீங்களும் பார்த்திருப்பீர்கள்!

மேகம் கவிந்து பொழுதே தெரியவில்லை. விளக்கேற்றும் நேரம் எப்படித் தெரியும்? பெண்கள் பிச்சி மொட்டுகளைத் தட்டில் வைத்திருக்கிறார்கள். மொட்டு விரிந்து மணம் வந்தால் மாலை! பூவே கடிகாரம். குறுகிய வாய்ச் செம்பில் தண்ணீர் குடிப்பார் இல்லை, எல்லாரும் அகன்ற வாய் நெருப்புச் சட்டியைச் சுற்றி. வேனிலில் ஓயாமல் வீசிய விசிறி மடங்கி ஆணியில் தொங்குகிறது, அதில் சிலந்தி கூடு கட்டிவிட்டது. எனக்கு உச்சம் இதுதான்: குளிரில் யாழ் நரம்பு சுருதி திரிந்துவிடுகிறது. ஆடல் மகளிர் அந்த நரம்பைத் தம் மார்பின் சூட்டில் வைத்துத் தடவிப் பண்ணுக்குக் கொண்டுவருகிறார்கள். சீதோஷ்ணம் மாறினால் தம்பூரா சுருதி நழுவும் என்று வித்வான்கள் அலுத்துக்கொள்வார்களே, அந்தப் புகாரின் வயதைப் பாருங்கள்!

இன்னொன்று. நெடுநல்வாடை காதல் பாட்டா, போர்ப் பாட்டா? அரண்மனையில் அரசி பிரிவில் வாடுகிறாள். படுத்திருப்பதோ நாற்பது வயது யானைகளின் தந்தத்தால் செய்த கட்டில், ஆனால் தூக்கம் இல்லை. பாசறையில் அரசன் நள்ளிரவில், வாடையில், நழுவும் மேலாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு காயம்பட்ட வீரர்களைப் பார்த்துப் பேசி வருகிறான். யார் பேரும் சொல்லப்படவில்லை. பேர் சொல்லாவிட்டால் அகம். ஆனால் ஒரு வேலின் தலையில் வேப்பந்தழை கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியனின் பூ! மாட்டிக்கொண்டான் பாண்டியன் நெடுஞ்செழியன். அந்த ஒரு தழையால் பாட்டு முழுக்கப் புறம் என்றார் நச்சினார்க்கினியர். உரையாசிரியர்கள் இவ்வளவு கறாராக இருக்க வேண்டுமா என்று எனக்குத் தோன்றுவது உண்டு.

அந்த ‘வாடை’ வடக்கிலிருந்து வருவதால் வாடை. கார்வேட்டிநகரத்தில் நின்றால் அது திருமலைப் பக்கத்திலிருந்து வரும்! பாவம், கவிஞர்களை நடுங்கவைத்த அந்தச் சொல்லைக் கேட்டால் இன்று மூக்கைப் பொத்துகிறோம், கருவாட்டு வாடை என்று.

எல்லையில் இன்னும் வேடிக்கை. தெலுங்கில் குளிருக்குச் ‘சலி’. தமிழ்க் காதில் அது ‘சளி’! காரணமும் விளைவுமாக இரண்டு மொழிகளும் பங்கு போட்டுக்கொண்டன என்று வைத்துக்கொள்ளலாம். தெலுங்கில் பனிக்கு ‘மஞ்சு’. தமிழில் மஞ்சு என்றால் மேகம். 1981ல் தமிழில் வந்த ‘பாலைவனச் சோலை’ மறுவருடமே தெலுங்குக்குப் போனது. என்ன தலைப்பில் தெரியுமா? ‘மஞ்சு பல்லக்கி’, பனிப் பல்லக்கு! பாலைவனம் எல்லை தாண்டியதும் பனியாகிவிட்டது.

தமிழில் பனித்துளியும் பனி, மூடுபனியும் பனி, இமயத்தில் கொட்டுவதும் பனி. அதனால்தானோ என்னவோ, ‘ரோஜா’வில் காஷ்மீரின் பனிப்பொழிவைச் சொல்ல வைரமுத்து ‘வெள்ளை மழை’ என்று புதிதாகச் சொல் கட்டினார். அவரே எழுதிய ‘மார்கழிப் பூவே’ எந்தப் படத்தில் வந்தது? ‘மே மாதம்’! 1994. மே மாதத்துக்குள் மார்கழி. கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போன ஈழத்தமிழரின் சிறுகதைகளைத் தொகுத்தபோது எழுத்தாளர் எஸ்.பொ. குழுவினர் வைத்த பேர் ‘பனியும் பனையும்’. ஓர் எழுத்துத்தான் வித்தியாசம், நடுவில் கடல்கள்.

சங்கீதத்துக்கு வருவோம். பழைய கார்வேட்டிநகரம் சமஸ்தானம் சின்னது, பாட்டு பெரியது. ஊர்க்கோயில் வேணுகோபாலரையே முத்திரையாக வைத்துப் பதங்கள் செய்தவர் சாரங்கபாணி. தெருப்பேச்சுத் தெலுங்கில், குறும்பும் ஊடலுமாக! பாடகி பிருந்தா பாடிய அவருடைய சகானா பதத்தைக் கேட்டவர்கள் விட மாட்டார்கள். இதே ஊர் கோவிந்தசாமய்யாவின் மோகன வர்ணம் இன்றும் வாழ்கிறது. இவை குளிர்காலப் பாட்டு அல்ல. ஆனால் இவற்றைக் கேட்கிற காலம் எது? சென்னை டிசம்பர் சீசன்! அது ஏன் டிசம்பரில்? 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு, கூடவே ஓர் இசை மாநாடு. அதிலிருந்து மறுவருடம் மியூசிக் அகாடமி பிறந்தது. அரசியல் கூட்டம் ஒன்று போட்ட தேதிதான் நம் மார்கழிக் கச்சேரிக்கு விதை!

அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் திருப்பாவை முப்பதுக்கும் ராகம் அமைத்தார். எம்.எல். வசந்தகுமாரி பாடி அவை வீடு வீடாகப் போயின. முதல் ஐந்து பாசுரங்களின் ராகங்களை வரிசையாகச் சொல்லுங்கள்: நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. எங்கேயோ கேட்ட வரிசையாக இல்லை? தியாகராஜரின் பஞ்சரத்தினம்! அதே ஐந்து, அதே அடுக்கு. அந்தப் பஞ்சரத்தினத்தைத் திருவையாற்றில் கூடிப் பாடுவது புஷ்ய பகுள பஞ்சமியில், அதுவும் பனிக்காலத்தில்தான்.

வெளிநாட்டுக்காரர்கள் மட்டும் சும்மாவா? விவால்டி 1725ல் அச்சிட்ட நான்கு பருவங்களில் குளிர்காலத்துக்கு வயலினே பல் கிட்டித்துக்கொள்ளும். நடுப்பகுதியில் வெளியே மழை, உள்ளே கணப்பு. நக்கீரரின் நெருப்புச் சட்டி இத்தாலிக்குப் போய்விட்டதோ! ஷூபர்ட் 1827ல் செய்த ‘குளிர்காலப் பயணம்’ 24 பாட்டு. மறுவருடம் 31 வயதில் சாகக் கிடக்கும்போதும் அதன் அச்சுப் பிழையைத் திருத்திக்கொண்டிருந்தார். கடைசிப் பாட்டில் ஒரு கிழவர் பனிக்கட்டியில் வெறுங்காலோடு நின்று கைச்சக்கர வாத்தியம் சுற்றுகிறார். கேட்பாரில்லை, தட்டு காலி. நம் பக்கத்துத் தெருப்பாடகர் ஹரிதாசையும் நினைத்துக்கொள்ளுங்கள்: தலையில் செம்பு, கையில் தம்பூரா, பனியில் தெருத் தெருவாக. வாசலில் குழந்தை அரிசியோடு நின்றால் எட்டும்படி மண்டியிடுவார். செம்பு நிறைந்துவிடும். அமெரிக்கர்கள் ‘பனி கொட்டட்டும்’ என்று குதூகலமாகப் பாடுவார்களே, அது 1945 ஜூலையில், ஹாலிவுட்டில், வெயில் தாளாமல் எழுதியது! பக்கத்து நகரியின் வெயிலில் காய்ந்தவர்களுக்கு அந்த ஏக்கம் சொல்லாமலே புரியும்.

திருப்பாவையும் திருவெம்பாவையும் பாங்காக் வரை போயிருக்கின்றன தெரியுமா? அங்கே அரண்மனைப் பிராமணர்களின் சடங்குக்குப் பேரே ‘திரியம்பாவாய் திரிபாவாய்’! அதற்கான ராட்சத ஊஞ்சல் மரம் ஊர் நடுவே இன்றும் நிற்கிறது. ஊஞ்சலாட்டம் 1935ல் நின்றது, பாட்டு நிற்கவில்லை.

கடைசியாக, வீட்டுப் பக்கம். திருத்தணி ஒருகாலத்தில் கார்வேட்டிநகரம் ஜமீனைச் சேர்ந்தது. 1960 ஏப்ரல் 1ல்தான் தமிழ்நாட்டோடு வந்தது. அந்த ஊர் முருகன் மலைக்குப் படி 365, வருடத்தின் நாள்கணக்கு. ஆங்கிலப் புத்தாண்டில் துரைமாரைக் கண்டு கும்பிடப் போகிற ஜனங்களை முருகனிடம் திருப்பலாமே என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் ஏற்படுத்திய படித்திருவிழா டிசம்பர் 31 ராத்திரி நடக்கிறது. படிக்கு ஒரு திருப்புகழாகப் பாடிக்கொண்டே ஏறுகிறார்கள். ஆண்டு முடிகிற குளிரில், கல் படியில், வெறுங்காலோடு! போகிறவர்கள் ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். மப்ளரை மட்டும் காதுக்குக் கீழே கட்டுங்கள்.