கந்தையும் காந்தாவும்

தமிழில் ‘கந்தை’ என்ற சொல்லுக்கு மதிப்பில்லை. கிழிந்தது, கழிந்தது, வீசி எறியத் தக்கது என்றே நாம் பொருள் கொள்கிறோம். “கந்தையானாலும் கசக்கிக் கட்டு” என்னும் பழமொழி ஒன்றுதான் அதற்குச் சிறிது பெருமை தேடித் தந்திருக்கிறது. நாம் வந்து படிக்கும் இந்த வங்க நாட்டிலோ, அச்சொல்லின் உடன்பிறப்பு அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைக்குள் வீற்றிருக்கிறது! வடமொழியில் ‘கந்தா’ என்றால் ஒட்டுப்போட்ட பழந்துணி. அதுவே தமிழில் கந்தை, வங்காளியில் காந்தா. பழம்புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, ஊசியும் நூலும் கொண்டு தைத்த போர்வைக்கு அதுதான் பெயர்.

மாணவ நண்பர்களே, மார்கழியும் தையும் வந்துவிட்டால் நம் விடுதி அறைகளில் நடப்பதை நாம் அறிவோம். சனவரி இரவில் கொல்கத்தாவின் வெப்பநிலை சராசரியாகப் 14 பாகை செல்சியசு அளவுக்கு இறங்குகிறது. உதகையிலிருந்து வந்த நண்பர் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். நாகையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வந்தவருக்கு இது குளிர்தான். இவ்வூரார் இக்குளிரை மூன்று வழிகளில் எதிர்கொள்கிறார்கள். வெல்லிங்டன் சதுக்கத்தின் ஓரம் குளிர்காலத்தில் கடை பரப்பும் மலைநாட்டு வணிகரிடம் கம்பளிச் சட்டை வாங்குவது ஒன்று. ‘துனுரி’ எனப்படும் பஞ்சு கொட்டுபவரை அழைத்து, அவருடைய வில்லின் நாணால் பஞ்சை உதறி விரித்து, சிவப்புச் சாலுத் துணிக்குள் அடைத்து, ‘லேப்’ என்னும் மெத்தைப் போர்வை தைத்துக்கொள்வது மற்றொன்று. மூன்றாவது காந்தா. செலவு மிகக் குறைந்தது இதுதான். நாமே செய்துகொள்ளத் தக்கதும் இதுதான்.

போர்வை வெப்பம் தருகிறதா?

தருவதில்லை. போர்வை அடுப்பன்று, வேலி. வெப்பத்தை உண்டாக்குவது நம் உடலே. அமைதியாக அமர்ந்திருக்கும் மனித உடல் ஏறத்தாழ 100 வாட் அளவு வெப்பத்தை இடைவிடாது வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. அது விரைவில் ஓடிவிடாமல் தடுப்பதே போர்வையின் வேலை.

அத்தடையைச் செய்வது துணி என்று எண்ணுகிறோம். உண்மையில் செய்வது காற்று. அசையாது நிற்கும் காற்று வெப்பத்தை மிக மெல்லவே கடத்தும். நீர், காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாகக் கடத்தும். ஈரத்துணி குளிர்வதற்கு இதுவும் ஒரு காரணம். அதிலுள்ள நீர் ஆவியாகி வெப்பத்தைக் கவர்வது மற்றொரு காரணம். ஆனால் காற்று அசையத் தொடங்கிவிட்டால் அது வெப்பத்தை வாரிக்கொண்டு போய்விடும். ஆகவே காற்றைச் சிறு சிறு அறைகளில் சிறைப்படுத்த வேண்டும். பஞ்சும் கம்பளியும் செய்வது இச்சிறைத் தொழிலே. ஒரு தடித்த துணியைக் காட்டிலும், அதே எடையுள்ள மூன்று மெல்லிய துணிகளை அடுக்கிப் போர்த்தினால் கதகதப்பு மிகுவதும் இதனாலேயே. அடுக்குகளின் இடையே காற்று தங்குகிறது.

அப்படியானால் அடுக்குகளை ஏன் தைக்க வேண்டும்? தைக்காவிட்டால் ஒன்று ஒருபுறமும் மற்றொன்று மறுபுறமும் நழுவிச் சுருண்டுவிடும். தையல் அவற்றைப் பிணைக்கிறது. அத்துடன் மற்றொரு நன்மையும் உண்டு. காந்தாவின் அடிப்படைத் தையல் ஓட்டுத் தையல். ஊசி மேலும் கீழுமாக முங்கி எழுந்து ஓடுவது. நூலைச் சற்றே இழுத்துத் தைக்கும்போது, தையல் விழுந்த இடம் பள்ளமாகவும், இரு வரிசைகளுக்கு இடைப்பட்ட இடம் சிறு மேடாகவும் ஆகிறது. குளத்து நீரில் தென்றல் எழுப்பும் சிற்றலை போல் துணி முழுதும் நெளிகிறது. காந்தாவின் அழகு என்று போற்றப்படும் அந்நெளிவு, காற்றுக்கு இடம் கொடுக்கும் அமைப்புமாகும்.

எப்படித் தைப்பது?

முதலில் துணி. பலமுறை துவைத்த பருத்தித் துணியே ஏற்றது. புதுத்துணியில் கஞ்சி இருக்கும்; துவைத்தால் சுருங்கும். ஒவ்வொரு துணியும் ஒவ்வோர் அளவில் சுருங்கினால் போர்வை கோணும். பழந்துணியோ சுருங்க வேண்டிய மட்டும் சுருங்கி, ஊசிக்கு வழிவிடும் மென்மையும் பெற்றிருக்கும். நம் நாட்டில் பிறந்த குழந்தையைப் பழவேட்டியில் ஏந்துவதும், பழம்புடவையில் தூளி கட்டுவதும் அம்மென்மை அறிந்துதான் அல்லவா?

இரண்டு மூன்று துணிகளைத் தரையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருக்கமின்றி விரியுங்கள். நைந்து போன துணி நடுவிலும், உறுதியானவை மேலும் கீழும் இருக்கட்டும். நான்கு ஓரங்களையும் உள்ளே மடித்துத் தையுங்கள். பிறகு சாண் இடைவெளியில் பெரிய பெரிய தையல்களாகத் தற்காலிகமாகப் பிணைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்தபின் இவற்றைப் பிரித்துவிடலாம். நடுவிலிருந்து தொடங்கி ஓரம் நோக்கிச் செல்வது நலம். துணியில் தொய்வு இருந்தால் அது வெளிப்புறமாக ஒதுங்கிப் போகும். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் முட்டிக்கொண்டு நிற்கும். நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம். நீண்ட நூல் சிக்கும்.

ஊசி பிடித்தறியாதவர் முதலில் ‘பாய்தன்’ தைக்கலாம். புத்தகம் சுற்றி வைக்கும் சதுரத் துணி அது. மாணவர்க்கு ஏற்ற முதற்பாடம். கோடு நேராக வரவேண்டும் என்ற ஒரே கவலையோடு வரிசை வரிசையாகத் தைத்தால் போதும். கை சிறிது பழகியவர் தலையணை உறை தைக்கலாம். கண்ணாடியும் சீப்பும் சுற்றி வைக்கும் ‘ஆர்சிலதா’வும் தைக்கலாம். இவற்றில் ஓர் இலை, ஒரு மீன் என எளிய உருவங்களைப் பென்சிலால் வரைந்து, விளிம்பைத் தைத்து, உள்ளே நிரப்பலாம். கை நன்கு தேர்ந்தவர்க்குத்தான் ‘லேப் காந்தா’ என்னும் குளிர்காலப் போர்வையும், விருந்தினர்க்கு விரிக்கும் ‘சுஜனி’யும். நடுவில் ஒரு தாமரை, நான்கு மூலையிலும் அதை நோக்கிச் சாய்ந்த நான்கு மரங்கள், இடையில் யானை, குதிரை, பல்லக்கு, தேர் என அமைப்பது பழைய மரபு. இருபுறமும் ஒரே தோற்றம் தரத் தைப்பதைத் ‘தொருகா’ என்பர். முற்காலத்தில் இதற்கென நூல் வாங்கியதுகூட இல்லை. பழம்புடவைக் கரையிலிருந்து சிவப்பு, நீலம், கறுப்பு இழைகளை உருவித் தைத்தார்கள்.

ஊசியில் எழுதிய வரலாறு

இக்கலையைக் காண நீண்ட பயணம் வேண்டியதில்லை. கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1937 இல் நிறுவிய அசுதோசு அருங்காட்சியகத்தின் தொகுப்பில் காந்தாக்கள் உள்ளன. ஐ.சி.எஸ். அலுவலராயிருந்த குருசதய் தத் (1882–1941) ஊர் ஊராகச் சென்று கிராமத்துக் கைவினைகளைத் திரட்டினார். அவர் தொகுப்பைக் கொண்டு சோகாவில் குருசதய் அருங்காட்சியகம் 1963 இல் திறக்கப்பெற்றது. அங்குள்ள புகழ்பெற்ற காந்தா ஒன்று, சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் மானதாசுந்தரி என்ற பெண்மணி தம் தந்தைக்காகத் தைத்தது. தைத்தவர் பெயரையும், யாருக்காகத் தைத்தார் என்பதையும் எழுத்தாகவே ஊசியால் பொறித்திருக்கிறார். பெண்ணுக்கு எழுத்தறிவு அரிதாயிருந்த காலத்தில் இஃது ஒரு கையெழுத்து மட்டுமன்று, ஒரு முழக்கம்.

இப்பல்கலைக்கழகத்தில் 1950 வரை கலை வரலாறு கற்பித்த ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்மையாரும் காந்தாக்களைத் தேடித் திரட்டினார். அவை இன்று அமெரிக்காவின் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கவிஞர் ஜசீமுத்தீன் 1929 இல் வெளியிட்ட ‘நக்சி காந்தார் மாட்’ என்ற காவியத்தின் பெயரிலேயே காந்தா இருக்கிறது. 2008 இல் மேற்கு வங்க நக்சி காந்தா புவிசார் குறியீடு பெற்றது. சோனார்பூர்ப் பகுதியின் பிரீத்திகணா கோசுவாமி 2023 இலும், வீர்பூம் மாவட்டத்தின் தக்தீரா பேகம் 2024 இலும் இக்கலைக்காகப் பத்மசிறீ விருது பெற்றனர். ஒருவர் இந்து, ஒருவர் முசுலிம். ஊசிக்கு மதம் இல்லை.

நமக்கும் இத்தகைய செல்வம் உண்டு. நீலகிரியில் தோதவர் குலப் பெண்கள் வெண்ணிறத் துணியில் சிவப்பும் கறுப்புமாகத் தைக்கும் பூவேலைப் போர்வை 2013 இல் புவிசார் குறியீடு பெற்றது. குளிர் எங்கே இருக்கிறதோ அங்கே ஊசியும் கலையாகிறது போலும்!

ஓர் இலட்சம் தையல்

இனி ஒரு சிறு கணக்கு. 2 மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் உள்ள ஒரு போர்வை. வரிசைக்கு வரிசை அரை சென்டிமீட்டர் இடைவெளி என்று கொண்டால் 300 வரிசைகள். ஒவ்வொன்றும் 2 மீட்டர். ஆக 600 மீட்டர். தையல் 3 மில்லிமீட்டர், இடைவெளி 3 மில்லிமீட்டர் என்றால் ஒரு தையலுக்கு 6 மில்லிமீட்டர். மொத்தம் ஓர் இலட்சம் தையல்! நிமிடத்துக்கு இருபது தையல் வீதம் ஓயாது தைத்தாலும் 83 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாள்தோறும் ஒரு மணி நேரம் தைப்பவர்க்கு ஏறத்தாழ மூன்று மாதம். ஒரு குளிர்காலம் முழுதும். இதில் பூவேலையும் உருவங்களும் சேரவில்லை.

இக்கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குச் செல்லுங்கள். ‘கையால் தைத்த காந்தாப் போர்வை’ என்று சில நூறு ரூபாய்க்கு விற்கிறார்கள். மணிக்கு ஐம்பது ரூபாய் என்று மிகக் குறைந்த கூலி வைத்தாலும், தைத்தவர்க்கு மட்டும் 4,000 ரூபாய்க்கு மேல் சேர வேண்டுமே! அப்படியானால் இரண்டில் ஒன்று உண்மை. ஒன்று, அது பொறியில் தைத்தது. அல்லது, எங்கோ ஒரு சிற்றூரில் ஒரு தாயின் மூன்று மாத உழைப்பு கணக்கிலேயே ஏறவில்லை.

முதலாவதைக் கண்டறிவது எளிது. பொறித் தையலில் மேலொரு நூல், கீழொரு நூல். இருபுறமும் கோடு இடைவெளியின்றித் தொடரும். கையின் ஓட்டுத் தையலிலோ மேலே தையல் உள்ள இடத்தில் கீழே இடைவெளி; கீழே தையல் உள்ள இடத்தில் மேலே இடைவெளி. துணியைத் திருப்பிப் பார்த்தால் போதும். இரண்டாவதைக் கண்டறியத் துணியைத் திருப்பினால் போதாது. தைத்தவர்க்கு என்ன கிடைத்தது என்று கேட்க வேண்டும். விலையைக் குறைக்கச் சொல்லி வாதாடும் நம் வழக்கத்தை, கையால் தைத்த காந்தாவின் முன்னிலையிலாவது சற்று அடக்கிக்கொள்ள வேண்டும். வேலை செய்தவர் பெண், வேலை நடந்த இடம் வீடு என்பதால் உழைப்பு உழைப்பாகாமல் போய்விடுமா?

கூலியின் அருமை, தானே ஒரு சாண் தைத்துப் பார்த்தவனுக்குத்தான் விளங்கும். எனவே ஆடவர் விடுதி நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ஊசி பிடிப்பது பெண்களின் வேலை என்று ஒதுங்காதீர்கள். ஊரில் தையற்கடை வைத்திருப்பவர்களில் எத்தனையோ பேர் ஆண்கள்தாமே! அடுத்த முறை வீட்டுக்குச் செல்லும்போது அம்மாவிடம் ஒரு பழம்புடவையும், அப்பாவிடம் இரண்டு பழவேட்டியும் கேட்டு வாங்கி வாருங்கள். பெட்டியில் அவை அதிக இடம் அடைக்கா. பாய்தனில் தொடங்குங்கள், வரிசை கோணினால் கோணட்டும். வங்கத் தோழியரும் தோழரும் தம் பாட்டியிடம் கண்டதைச் சொல்லித் தருவார்கள். மொழி தெரியாத குறையை ஊசி நிரப்பிவிடும்.

கந்தை என்று நாம் ஒதுக்கியதை அவர்கள் காந்தா என்று உயர்த்தினார்கள். இடையில் நின்றது ஓர் ஊசியும், ஓர் இலட்சம் தையலுக்கான பொறுமையுமே.