நினைக்காதே என்றால் நினைவுக்கு என்ன ஆகும்?

விரட்ட விரட்ட ஓர் எண்ணம் திரும்பி வருவது ஏன்? 1987இல் வெளியான ஆய்வில் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர், வெள்ளைக் கரடியை ஐந்து நிமிடம் நினைக்கக் கூடாது, நினைத்தால் மணி அடிக்க வேண்டும் என்று மாணவர்களிடம் சொன்னார். மணி அடிக்கடி ஒலித்தது. தடை நீங்கியதும், முதலிலிருந்தே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட இவர்களுக்குக் கரடி நினைப்பு மிகுதியாக வந்தது. எண்ணம் வருகிறதா என்று மனம் கண்காணிக்கும்போது, அந்தக் கண்காணிப்பே அதை விழித்திருக்க வைக்கிறது என்பது வெக்னரின் விளக்கம்.

நினைவை மீட்பதையே தடுத்தால் நடப்பது வேறு. 2001இல் வெளியான ஆய்வில் உளவியலாளர்கள் மைக்கேல் ஆண்டர்சனும் காலின் கிரீனும் பங்கேற்பாளர்களைச் சொல் இணைகளை மனப்பாடம் செய்ய வைத்தனர். பிறகு சில இணைகளில், முதல் சொல்லைப் பார்த்தாலும் இரண்டாவது மனத்தில் எழாமல் தடுக்கச் சொன்னார்கள். 16 முறை வரை தடுக்கப்பட்ட சொற்கள் பின்னர் குறைவாகவே நினைவுக்கு வந்தன. விளைவு பெரிதல்ல; ஆனால் மறதியை ஓரளவு விரும்பி உண்டாக்க முடியும் என்பதே வியப்பு. 2004இல் வெளியான மூளைப் படங்கள் காரணத்தைக் காட்டின: மூளையின் முன்பகுதி தீவிரமாக இயங்க, நினைவுக்கு இன்றியமையாத ஹிப்போகேம்பஸ் அடங்கியது. இதற்கு விலையும் உண்டு. ஹிப்போகேம்பஸ் அடங்கியிருக்கும் அந்த நேரத்தில் கண்ணில் படும், தொடர்பே இல்லாத புதிய செய்திகளும் சரியாகப் பதிவதில்லை என்று 2016இல் வெளியான ஆய்வு கண்டது.