அந்தூரியமும் நசுக்கிய பூண்டும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு அருகே நிழல்வலைப் பந்தலில் அலங்காரச் செடிகளை வளர்த்து, ஆலை அலுவலகங்களின் வரவேற்பறைகளுக்கு வாடகைக்கு அனுப்பிவரும் வாசகர் ஒருவர், தம் அந்தூரிய இலைகளின் ஓரங்களில் நீர்கோத்தாற்போன்ற புள்ளிகள் தோன்றி, மஞ்சள் வளையம் கட்டிக் கருகுவதாகவும், இதற்குப் பூண்டுச் சாறு பயன்படுமா என்றும் எழுதிக் கேட்டிருக்கிறார்.

அறிகுறிகளைப் பார்த்தால் இது ஸாந்தோமோனாஸ் என்னும் பாக்டீரியாவின் கைவரிசை. விடியற்காலையில் இலை விளிம்பில் திரண்டு நிற்கும் துளிகள் யாவும் பனித்துளிகள் அல்ல. வேர் உறிஞ்சிய நீரே விளிம்பின் நுண்துவாரங்கள் வழியாகக் கசிந்து அவ்வாறு நிற்பதும் உண்டு. அத்துளியில் கலந்து அதே துவாரத்தால் கிருமி உட்புகுவதனால்தான் நோய் பெரும்பாலும் ஓரத்திலேயே ஆரம்பிக்கிறது.

இனிப் பூண்டின் விசேஷத்துக்கு வருவோம். கிருமிகளை வதைக்கும் அல்லிசின் என்ற பொருள் முழுப் பல்லில் கிடையவே கிடையாது! பணப்பெட்டியைக் கூடத்திலும் அதன் சாவியைச் சமையற்கட்டிலும் வைத்திருந்த என் பாட்டனாரைப் போல, பூண்டு அல்லியின் என்னும் மூலப்பொருளை ஓரிடத்திலும் அதை மாற்றும் நொதியை வேறிடத்திலும் வைத்திருக்கிறது. பல் நசுங்கி இரண்டும் கலந்த சில விநாடிகளில் அல்லிசின் பிறந்து, நாசியைத் துளைக்கும் நெடி கிளம்புகிறது. 1944-இல் காவல்லிட்டோ, பெய்லி என்னும் ரசாயன அறிஞர்கள் பிரித்தெடுத்த இப்பொருள், கிருமியின் புரதங்களிலுள்ள கந்தகத் தொகுதிகளைப் பற்றி அவற்றை முடக்கிவிடுகிறது. ஸாந்தோமோனாஸ் இனத்துக் கிருமிகளை அடக்குவதும் ஆய்வுக்கூடத்தில் காணப்பட்டிருக்கிறது. ஆகவே பூண்டை முழுசாக வேகவைத்துக் கஷாயம் இறக்குகிறவர், நொதியை முதலில் அழித்துவிட்டுப் பயனற்ற நீரைத் தெளிக்கிறார். பச்சையாக நசுக்கி, சற்றுப் பொறுத்துக் குளிர்ந்த நீரில் கரைத்து வடிகட்டி, முதலில் ஓர் இலையில் தெளித்து அது பொசுங்குகிறதா என்று பார்த்துவிட்டு, அன்றே பிரயோகிக்க வேண்டும்.

ஆயினும் சாறு இலையின் மேற்பரப்புக்குத்தான் காவல். தண்டுக்குள் இறங்கிய நோயை அது தீர்க்காது. அத்தகைய செடியைப் பிடுங்கி எரிப்பதும், கத்தியை ஒவ்வொரு செடிக்கும் ஸ்பிரிட்டில் நனைப்பதும், இலைமேல் படாமல் வேரடியில் நீர் ஊற்றுவதுமே தலையாய சிகிச்சை.

இந்தச் சிரமத்துக்கு அஞ்சிச் சிலர் ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த பொட்டலத்தை நாடுகிறார்கள். 1943-இல் கண்டறியப்பட்டு, காசநோயை முதன்முதலில் பணியவைத்த மருந்து அது. கும்மிடிப்பூண்டியை உள்ளடக்கிய திருவள்ளூர்ப் பகுதி அந்நாளில் அடங்கியிருந்த செங்கற்பட்டு மாவட்டத்தில், அந்நோய்க்கான தடுப்பூசியின் பலனை அறிய 1968 முதல் நடந்த பரிசோதனைக்கு லட்சக்கணக்கான ஜனங்கள் கை நீட்டினார்கள். அப்படிப்பட்ட பிரதேசத்தில், வரவேற்பறைச் செடியின் மினுமினுப்புக்காக அம்மருந்தை இறைத்து, கிருமிகளுக்கு அதை எதிர்க்கும் வித்தையைப் பழக்குவது தர்மமன்று. பட்டுப்போன தொட்டிக்கு மறுநாளே வேறு தொட்டி வைத்துவிடலாம். பலிக்காமற்போன மருந்துக்கு மாற்றுத் தேடத் தலைமுறைகள் பிடிக்கும்.