வழிகாட்டி நாய் ஒன்று உருவாக எத்தனை பேர் வேண்டும்? உண்டியல் முதல் வளர்ப்பு வீடு வரை.. முழு விவரம்!

திருவண்ணாமலைக்காரர்கள் பலருக்கு கமலா என்ற நாயின் கதை தெரிந்திருக்கும். ரமண மகரிஷி மலைமேல் ஸ்கந்தாசிரமத்தில் இருந்த காலத்தில், குட்டியாக அங்கே வந்து சேர்ந்த நாய் அது. புதிதாக யாராவது வந்தால், அவரைக் கூட்டிக்கொண்டு போகும்படி மகரிஷி கமலாவிடம் சொல்வாராம். கமலாவும் முன்னால் நடந்து, மலையைச் சுற்றி இருக்கும் சன்னதி, குளம், சிலை என ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு வருமாம்.

கமலாவுக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. ஆனால் பார்வையில்லாத ஒருவரை வண்டி ஓடும் சாலையில் பத்திரமாக நடத்திச் செல்லும் நாய் அப்படித் தானாக உருவாகாது. பிறந்த நாளிலிருந்து சுமார் 2 ஆண்டு உழைப்பு, லட்சக்கணக்கில் பணம், பயிற்சியாளர்கள், வளர்த்துக் கொடுக்க ஒரு குடும்பம் என எல்லாமே வேண்டும்.

இதில் முக்கியமான விஷயம் என்னன்னா, உலகின் பெரிய வழிகாட்டி நாய் பள்ளிகள் பலவும் அரசு கஜானாவை நம்பி வளரவில்லை. சாதாரண மக்கள் கொடுத்த சில்லறையிலும், ஒதுக்கிய நேரத்திலும் வளர்ந்தவை. அது எப்படி நடந்தது? நம்ம ஊரில் நடக்குமா? வேங்கிக்காலில் இருக்கும் ஒருவர் இப்போதே என்ன செய்ய முடியும்? பார்க்கலாம்.

வழிகாட்டி நாய் உண்மையில் என்ன செய்யும்?

'நாய்க்கு வழி தெரியும், அது கூட்டிக்கொண்டு போய்விடும்' என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது சரியில்லை. வழி தெரிந்திருக்க வேண்டியது மனிதருக்குத்தான். எத்தனை தெரு தாண்டி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்ற கணக்கு அவர் மனதில் இருக்கும். நேரே போ, இடது, வலது என்று அவர்தான் சொல்வார்.

நாயின் வேலை, போகும் பாதையில் இருக்கும் ஆபத்தைத் தவிர்ப்பது. பள்ளம், படிக்கட்டு, நிறுத்தி வைத்த பைக், தலையில் இடிக்கும் உயரத்தில் தொங்கும் பலகை என எது வந்தாலும் சுற்றிக்கொண்டு போகும் அல்லது நின்றுவிடும். நாயின் உடம்பில் மாட்டியிருக்கும் ஹார்னஸ் கைப்பிடி வழியாக அந்த அசைவு மனிதரின் கைக்குத் தெரியும்.

சிக்னல் விளக்கைப் பார்த்து சாலையைக் கடப்பதும் நாயின் வேலை இல்லை. வண்டிச் சத்தத்தைக் கேட்டு மனிதர்தான் முடிவு செய்வார். ஆனால் அவர் 'போ' என்று சொல்லும்போது ஒரு வண்டி வந்துகொண்டிருந்தால், நாய் நகராது. சொன்ன பேச்சைக் கேட்காமல் இருக்க வேண்டிய நேரம் எது என்று நாய்க்குக் கற்றுக்கொடுப்பதுதான் பயிற்சியிலேயே கஷ்டமான பகுதி.

எப்படித் தொடங்கியது?

முதல் உலகப்போரில் கண்ணை இழந்த வீரர்களுக்காக, 1916-ல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் மருத்துவர் ஸ்டாலிங் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். ஸ்விட்சர்லாந்தில் நாய்களை வளர்த்துப் பயிற்சி கொடுத்துவந்த டோரதி ஹாரிசன் யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண், ஜெர்மனியில் நடந்த இந்தப் பயிற்சி பற்றி 1927 நவம்பரில் ஒரு பத்திரிகையில் எழுதினார்.

அந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டக் கேட்ட இளைஞர் மோரிஸ் ஃபிராங்க், அமெரிக்காவின் நாஷ்வில் நகரைச் சேர்ந்தவர், பார்வையற்றவர். தனக்கும் அப்படி ஒரு நாய் வேண்டும் என்று யூஸ்டிஸுக்குக் கடிதம் போட்டார். 1928-ல் ஸ்விட்சர்லாந்து போய், படி என்ற நாயுடன் பயிற்சி எடுத்துத் திரும்பினார். நியூயார்க்கில் வாகனங்கள் நெரியும் சாலையை நிருபர்கள் பார்த்துக்கொண்டிருக்க படியுடன் கடந்து காட்டினார். அடுத்த ஆண்டு, 1929-ல், இருவரும் சேர்ந்து தொடங்கியதுதான் 'தி சீயிங் ஐ' பள்ளி.

பிரிட்டன் கதை இன்னும் எளிமையானது. வாலசி என்ற ஊரில் மியூரியல் குரூக், ரோசமண்ட் பாண்ட் என்ற இரண்டு பெண்கள், வாடகைக்கு எடுத்த ஒரு கார் ஷெட்டை வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தார்கள். 1931-ல் முதல் 4 நாய்கள் தயாராகின. 1934-ல் அது முறையான சங்கமாக மாறியது. இன்று பிரிட்டனின் பெரிய தொண்டு நிறுவனங்களில் அதுவும் ஒன்று.

பணம் எங்கிருந்து வந்தது?

ஒரு நாயை வளர்த்து, பயிற்சி கொடுத்து, பார்வையற்றவரிடம் ஒப்படைக்க 50,000 டாலருக்கு மேல் ஆகும் என்று அமெரிக்கப் பள்ளிகள் பல சொல்கின்றன. நம்ம பணத்தில் ரூ.40 லட்சத்துக்கும் மேல். இவ்வளவையும் பயனாளியிடம் கேட்டால் யாராலும் வாங்க முடியாது. அதனால்தான் பொதுமக்களிடம் போனார்கள்.

பிரிட்டனில் கடை வாசல்களில் நாய் வடிவ உண்டியல் வைத்தார்கள். 1964-ல் பிபிசியின் 'ப்ளூ பீட்டர்' என்ற சிறுவர் நிகழ்ச்சி, பால் பாட்டில் மூடியையும் அலுமினியத் தாளையும் சேர்த்து அனுப்பச் சொன்னது. காசு இல்லாத குழந்தைகளும் பங்கெடுக்கலாம் என்பதுதான் இதில் சிறப்பு. வந்து குவிந்த தாளை உருக்க விற்ற பணம் வழிகாட்டி நாய்களுக்குப் போனது.

நம்ம ஊர்க்காரர்களுக்குப் பழக்கமான லயன்ஸ் சங்கத்துக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. 1925-ல் அமெரிக்காவில் நடந்த லயன்ஸ் மாநாட்டில் ஹெலன் கெல்லர் பேசி, பார்வையற்றோருக்காகப் பாடுபடும்படி கேட்டுக்கொண்டார். ஊர் ஊராகக் கண் சிகிச்சை முகாம் நடத்தும் லயன்ஸ் பழக்கத்துக்கு வேர் அங்கேதான். 1939-ல் டெட்ராய்ட் பகுதி லயன்ஸ் உறுப்பினர்கள் சேர்ந்து 'லீடர் டாக்ஸ்' என்ற பள்ளியையே தொடங்கிவிட்டார்கள்.

தென்கொரியாவில் வேறு வழி. அங்கே 1993-ல் சாம்சங் நிறுவனம் பள்ளியை அமைத்தது. குட்டிகளை வளர்த்துக் கொடுப்பது தன்னார்வக் குடும்பங்கள்.

அப்படின்னா பயனாளி எதுவுமே கொடுக்க வேண்டாமா? 'தி சீயிங் ஐ' பள்ளியில் முதல் நாய்க்கு 150 டாலர், அடுத்தடுத்த நாய்களுக்கு 50 டாலர், முன்னாள் படைவீரர் என்றால் 1 டாலர். பல பத்து ஆண்டுகளாக மாறாத கட்டணம் இது. செலவை ஈடுகட்ட இது போதாது. தானமாக வாங்கவில்லை, தன் காசில் வாங்கிய நாய் என்று அவர் தலைநிமிர்ந்து சொல்ல வேண்டும் என்பதற்காக வைத்தது.

பணத்தைவிடப் பெரிய உதவி எது?

குட்டி வளர்ப்பு. இந்த ஒரு வேலையைச் சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்ய முடியாது.

பிறந்து 7, 8 வாரம் ஆனதும் குட்டி ஒரு தன்னார்வலர் வீட்டுக்குப் போகும். ஒரு வயது தாண்டும் வரை அங்கேதான் இருக்கும். பெரும்பாலான பள்ளிகளில் தீவனம், மருத்துவச் செலவைப் பள்ளியே பார்த்துக்கொள்ளும். குடும்பம் கொடுப்பது நேரம் மட்டும்தான். குட்டியை பஸ்ஸில் ஏற்ற வேண்டும், சந்தைக்குக் கூட்டிப்போக வேண்டும், பட்டாசு, மேளச்சத்தம், கூட்டம் எதற்கும் பயப்படாமல் பழக்க வேண்டும். கீழே கிடக்கும் தின்பண்டத்தைக் கண்டால் பாயாமல் இருக்கவும் பழக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1942-லேயே கிராமப்புற இளைஞர் அமைப்பான 4-எச் சங்கப் பிள்ளைகளிடம் குட்டிகளைக் கொடுத்து வளர்க்கச் சொன்னார்கள். பிரிட்டனில் 1956-ல் இந்தத் திட்டம் வந்தது.

வீட்டுப் பிள்ளை மாதிரி வளர்த்த நாயை ஒருநாள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். குடும்பங்கள் அழுவது அன்றைக்குத்தான். அதன்பிறகு பள்ளியில் சில மாதங்கள் முறையான பயிற்சி. கடைசியில் பயனாளியும் நாயும் சேர்ந்து சில வாரம் பழகுவார்கள். நடக்கும் வேகம், உயரம், குணம் எல்லாம் பார்த்துத்தான் ஜோடி சேர்ப்பார்கள்.

எல்லா நாயும் தேறாது. தேறாதவை வேறு வேலைக்கோ, யாராவது வீட்டுக்கோ போகும். வேலை செய்யும் நாயும் சுமார் 8 ஆண்டில் ஓய்வு பெறும். அப்போது அதை எடுத்து வளர்க்கவும் ஒரு வீடு வேண்டும்.

நம்ம ஊரில் ஏன் கஷ்டம்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர். ஆனா வழிகாட்டி நாயுடன் நடப்பவர்கள் மிக மிகக் குறைவு. பணம் மட்டும் காரணம் இல்லை.

முதல் சிக்கல், தெருநாய்கள். வேங்கிக்காலிலோ கிரிவலப் பாதையிலோ ஒரு லேப்ரடாரை ஹார்னஸ் மாட்டிக் கூட்டிப்போனால், நான்கு தெருநாய்கள் சூழ்ந்துகொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? வழிகாட்டி நாய் சண்டை போடக்கூடாது என்றுதான் பழக்கப்பட்டிருக்கும். ஒரு தடவை கடிபட்டால், 2 ஆண்டுப் பயிற்சியும் வீணாகலாம்.

இரண்டாவது, நடைபாதை. நாய் விளிம்பைப் பார்த்து நிற்கும் என்றால், முதலில் விளிம்பு என்று ஒன்று இருக்க வேண்டும். நடைபாதை முழுக்கக் கடையும் பைக்கும் இருந்தால் மனிதரும் நாயும் சாலையில்தான் இறங்க வேண்டும்.

மூன்றாவது, வெயில். சித்திரை, வைகாசி மதியத்தில் தார் சாலையில் செருப்பில்லாமல் நாம் நிற்போமா? நாயின் பாதமும் வெந்துபோகும்.

நான்காவது, அனுமதி. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வழிகாட்டி நாயைக் கடையிலோ ஓட்டலிலோ தடுப்பது சட்டப்படி தவறு. இங்கே 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கட்டடங்களும் போக்குவரத்தும் எல்லோரும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்கிறது. ஆனா ஒரு டவுன்பஸ் படியில் நாயுடன் ஏறினால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அதனால்தான், இந்தியாவில் இந்தப் பணத்தை வெள்ளைப் பிரம்புக்கும் நடைப் பயிற்சிக்கும் செலவிட்டால் பல மடங்கு பேருக்குப் பயன்படும் என்ற வாதமும் இருக்கிறது. அதில் நியாயமும் இருக்கிறது. வழிகாட்டி நாய்கள் அதிகம் உள்ள நாடுகளிலும் பெரும்பாலான பார்வையற்றோர் கையில் இருப்பது பிரம்புதான். முழங்காலுக்கு மேல், தலை உயரத்தில் வரும் தடையை அதிர்வு மூலம் சொல்லும் 'ஸ்மார்ட்கேன்' கருவியை டெல்லி ஐஐடி உருவாக்க, சென்னையைச் சேர்ந்த ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் தயாரித்து 2014-ல் கொண்டு வந்தது.

ஆனா ஒன்றைக் கவனிக்க வேண்டும். தெருநாய்க் கட்டுப்பாடு, நடைபாதை, அனுமதி என மேலே சொன்ன எல்லாமே, பிரம்போடு நடப்பவருக்கும் அதே அளவு தேவை. நாய்க்காகச் சரிசெய்யும் தெரு, பிரம்புக்கும் சரியாகும்.

வேங்கிக்காலில் இருப்பவர் இப்போதே என்ன செய்யலாம்?

1. தெருநாய்களுக்குக் கருத்தடை, வெறிநாய்த் தடுப்பூசி. 2023 விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி இது உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. உங்கள் தெருவில் போடாத நாய் இருந்தால் மனு கொடுக்கலாம். நன்கொடையால் நடக்கும் விலங்குகள் காப்பகம் ஏற்கனவே திருவண்ணாமலையில் இருக்கிறது. நாயைப் பிடித்துக் கொடுக்க, சிகிச்சைக்குப் பின் பார்த்துக்கொள்ள இதுபோன்ற இடங்களுக்கு எப்போதும் ஆள் தேவை.

2. வீட்டு வாசல், கடை வாசல் நடைபாதையில் பைக், பலகை, மணல் குவியல் வைக்காமல் இருப்பது. ஆட்சியர் அலுவலகம் இருக்கும் பகுதி என்பதால், உதவித்தொகை, அடையாள அட்டை என மாற்றுத்திறனாளிகள் அடிக்கடி வந்துபோகும் வழி இது.

3. தேர்வு எழுத்தர் வேலை. பார்வையற்ற மாணவர் சொல்லச் சொல்லத் தேர்வு எழுதித் தருபவர்கள் கிடைக்காமல் தவிப்பது வழக்கம். ஒரு நாள், மூன்று மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

4. சாலையில் உதவும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உதவி வேண்டுமா என்று கேட்டு, உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளக் கொடுங்கள். வழிகாட்டி நாயை எங்காவது பார்த்தால் தொடாதீர்கள், கூப்பிடாதீர்கள், பிஸ்கட் போடாதீர்கள். ஹார்னஸ் மாட்டியிருந்தால் அது வேலையில் இருக்கிறது.

பணம் கொடுக்கும் முன் கவனிக்க

நாய் படத்தைப் போட்டு ஜிபே எண் கொடுத்தால் உடனே அனுப்பிவிட வேண்டாம். அமைப்புக்கு வருமான வரிச் சட்டத்தின் 12ஏ, 80ஜி பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். 80ஜி வரிச்சலுகை பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் கிடைக்காது.

திருவண்ணாமலையில் வெளிநாட்டினர் அதிகம் என்பதால் இன்னொரு விஷயம். வெளிநாட்டு நன்கொடை வாங்க எஃப்சிஆர்ஏ பதிவு கட்டாயம். அந்தப் பணம் டெல்லியில் உள்ள எஸ்பிஐ முதன்மைக் கிளைக் கணக்கு வழியாகத்தான் வர வேண்டும். யாருடைய சொந்தக் கணக்கிலும் வாங்க முடியாது.

பணம் கொடுத்தவர், அது எங்கே போனது என்று கேட்பதில் தவறில்லை. இந்த ஆண்டு எத்தனை நாய், எத்தனை பயனாளி, எவ்வளவு செலவு என்று சொல்லத் தயங்கும் அமைப்பைவிட, கணக்கைக் கையில் கொடுக்கும் சின்ன அமைப்பு நம்பகமானது.

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் மாதக் கடைசி புதன்கிழமை சர்வதேச வழிகாட்டி நாய் தினம். அக்டோபர் 15 வெள்ளைப் பிரம்பு தினம். லயன்ஸ் சங்கமோ, பள்ளி என்எஸ்எஸ் அணியோ அந்த நாட்களில் பேரணி நடத்துவதோடு, ஊரில் ஒரே ஒரு தெருவை எடுத்து, பார்வையற்ற ஒருவர் துணையில்லாமல் நடக்கும் அளவுக்குச் சரிசெய்து காட்டலாம். அதற்கு ரூ.40 லட்சம் தேவையில்லை.