தரவுகளுக்குப் பெயரிடும் முறை

‘நாற்பது’ என்னும் ஒரு சொல்லை மட்டும் தாளில் எழுதி ஒருவர் நமக்கு அனுப்பினால், அதனைக்கொண்டு நாம் யாது செய்தல் கூடும்? அது நாற்பது மூடை நெல்லாக இருக்கலாம். நாற்பது பாகை வெப்பமாக இருக்கலாம். ஒருவருடைய வயதாகவும் இருக்கலாம். அனுப்பியவரை நாம் அறிவோமாயின், முன்பின் நடந்தவற்றை நினைந்து பொருளை ஒருவாறு ஊகித்துக்கொள்வோம். கணினிக்கோ அவ்வூகம் இயல்பன்று. ஆதலின் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குத் தரவுகள் செல்லும்போது, அவை இன்னவை என்று கூறும் பெயர்களும் உடன் செல்லல் நன்று. அவ்வாறு பெயரோடு சேர்த்துத் தரவுகளை அனுப்பும் முறைகளுள் ஒன்றாகிய எக்ஸ்.எம்.எல். பற்றியே இன்று நேயர்களுக்குக் கூற விரும்புகின்றேன்.

இம்மூன்றெழுத்தும் ‘விரிக்கத்தக்க குறியீட்டு மொழி’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமாகும். மொழி என்று பெயர் பெற்றதாயினும், இது கணினிக்குக் கட்டளையிடும் மொழியன்று. தரவுகளை ஒழுங்குபடுத்தி எழுதும் ஒரு முறையேயாகும்.

இதன் வரலாறு 1969ஆம் ஆண்டில் தொடங்குகின்றது. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த சார்ள்ஸ் கோல்ட்பார்ப், எட்வேர்ட் மோஷர், றேமண்ட் லோறி ஆகிய மூவரும் சட்ட அலுவலகங்களின் ஆவணங்களைக் கணினியிற் கையாளும் வழியை ஆராய்ந்தனர். ஆவணத்தின் ஒரு பகுதி எவ்வாறு அச்சாக வேண்டும் என்பதைக் குறிப்பதிலும், அப்பகுதி யாது என்பதைக் குறிப்பதே பயனுடையது என அவர்கள் கண்டனர். ‘இதனைப் பெரிய எழுத்தில் இடுக’ என்பது ஓர் அச்சுப்பொறிக்கு மட்டுமே உதவும். ‘இது தலைப்பு’ என்பதோ அச்சிடுவோர்க்கும், தேடுவோர்க்கும், தொகுப்போர்க்கும் ஒருங்கே உதவும். இக்கருத்து வளர்ந்து 1986ஆம் ஆண்டில் எஸ்.ஜி.எம்.எல். என்னும் சர்வதேச நியமமாயிற்று. அது விரிவும் சிக்கலும் மிக்கது. இணையத்திற்கேற்ற எளிய வடிவம் ஒன்றை ஆக்குவதற்கு ஜோன் பொசாக் என்பாரின் தலைமையில் 1996ஆம் ஆண்டில் ஒரு குழு கூடிற்று. அதன் பயனாகப் பிறந்த எக்ஸ்.எம்.எல்., உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாக 1998ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆம் நாள் வெளிவந்தது.

இதன் விதிகள் சிலவே. ஒவ்வொரு தரவுக்கும் முன்னே ஒரு தொடக்கக் குறியும் பின்னே ஒரு முடிவுக் குறியும் இடப்படும். இரு குறிகளிலும் ஒரே பெயர் கோண வடிவான அடைப்புக்குள் எழுதப்படும். முடிவுக் குறியிற் பெயருக்கு முன் ஒரு சாய்கோடு சேரும். இரு குறிகளும் அவற்றுக்கு இடைப்பட்டதும் சேர்ந்தது ஓர் உறுப்பு. ஓர் உறுப்புக்குள் வேறு உறுப்புகள் அமையலாம். பெட்டிக்குள் பேழையும் பேழைக்குள் சிமிழும் வைப்பது போல. ஆயின், உள்ளே திறந்த சிமிழை மூடிய பின்னரே வெளிப்பேழையை மூடுதல் வேண்டும். எல்லாவற்றையும் அடக்கும் பெரும்பெட்டி ஒன்றே ஒன்றுதான் இருத்தல் வேண்டும்; அதனை வேர் உறுப்பு என்பர். அளவின் அலகு போன்ற சிறு விவரங்களைத் தொடக்கக் குறிக்குள்ளேயே பண்பாக எழுதுதலும் உண்டு.

இவ்விதிகளுள் ஒன்று தவறினும், ஆவணத்தைப் படிக்கும் கருவி அதனைப் பிழையென அறிவித்து, மேற்செல்லாது நின்றுவிடும். ‘இவ்வாறுதான் இருக்கும்’ என்று அது ஊகித்துக்கொள்ள நியமம் இடந்தரவில்லை. விதிகளுக்கு அமைந்த ஆவணத்தைச் செவ்வமைப்புடையது என்பர். இதற்கு மேலும் ஒரு படி உண்டு. இன்ன உறுப்புகள் கட்டாயம் வரவேண்டும், இன்னவற்றுள் எண் மட்டுமே வரலாம் என்று இரு சாராரும் முன்னரே ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம். அவ்வொப்பந்தத்திற்கும் பொருந்தியதே செல்லத்தக்க ஆவணமாகும்.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண்கள் வகுத்த யூனிகோட் முறையை எக்ஸ்.எம்.எல். தன் அடிப்படையாகக் கொண்டது. ஆகவே தரவு தமிழில் இருக்கலாம். உறுப்பின் பெயரே தமிழில் இருப்பினும் குற்றமில்லை.

இம்முறை எதற்குப் பயன்படும் என்பதற்கு நம் நாட்டவர் மறக்கவியலாத ஒரு நிகழ்ச்சியைக் கூறலாம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாட் காலையிற் சுமாத்திராவுக்கு அப்பாற் கடலடியில் நிலம் நடுங்கிற்று. ஆழிப்பேரலை இலங்கையின் கீழ்க்கரையை அடைவதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சென்றது. ஹவாயிலுள்ள பசிபிக் எச்சரிக்கை நிலையம் நிலநடுக்கத்தை விரைவில் அறிந்திருந்தது. எனினும், இந்து சமுத்திரத்திற்கென ஓர் எச்சரிக்கை ஏற்பாடு அந்நாளில் இருக்கவில்லை. அச்செய்தி கரையோர மக்களை எட்டவில்லை. இந்நாட்டில் மட்டும் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

அதே ஆண்டில், அப்பேரழிவுக்குச் சில மாதங்கள் முன்னர், பொது எச்சரிக்கை நெறிமுறை என்னும் ஒரு நியமம் ஓயேசிஸ் என்னும் அமைப்பினால் ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தது. அது எக்ஸ்.எம்.எல். முறையில் அமைந்தது. அதன்படி எழுதப்படும் எச்சரிக்கையில் அனுப்பியவர் யார், எப்பொழுது அனுப்பினார், இது உண்மையான எச்சரிக்கையா அன்றி ஒத்திகையா என்பன தனித்தனி உறுப்புகளாக நிற்கும். எவ்வளவு அவசரம், எவ்வளவு கடுமை, எவ்வளவு உறுதி என்னும் மூன்றும் வெவ்வேறாகக் கூறப்படும். ஆபத்துக்குரிய நிலப்பரப்பு அகலாங்கு நெட்டாங்குகளாற் சூழ்ந்து காட்டப்படும். மக்கள் செய்யவேண்டியது இன்னதென்பதற்கும் ஓரிடம் உண்டு.

நேரத்தைக் குறிக்கும் முறையை மட்டும் நோக்குக. உலகப் பொது நேரத்திலிருந்து எத்துணை வேறுபாடு என்பதையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும் என்கின்றது இந்நியமம். இலங்கையின் கடிகாரம் 2006ஆம் ஆண்டு ஏப்ரலில் அரை மணி பின்னோக்கி மாற்றப்பட்டது என்பதை நினைந்தால், இதன் அவசியம் விளங்கும். ‘காலை ஏழு மணி’ என்று வாளா கூறின், அது யாருடைய ஏழு மணி என்னும் ஐயம் எழும்.

இன்னொரு வசதியும் உண்டு. விளக்கப் பகுதியை ஒரே செய்தியில் மீண்டும் மீண்டும் எழுதலாம். ஒவ்வொன்றிலும் மொழி இன்னதென்று குறிக்கப்படும். சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழியும் ஒரே செய்தியில் ஒருங்கே புறப்படலாம். ஒரு மொழியினர் அறிந்து ஓட, மற்றொரு மொழியினர் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கும் நிலை இதனால் நீங்கும். அச்செய்தியையே வானொலி நிலையம் வாசிக்கலாம். கைத்தொலைபேசி எழுத்தாகக் காட்டலாம். கரையோரத்துச் சங்கு ஊதத் தொடங்கலாம். ஒவ்வொரு கருவியும் தனக்கு வேண்டிய உறுப்பைப் பெயரால் தேடி எடுத்துக்கொள்ளும். ஆழிப்பேரலைக்குப் பின்னர், லேர்ன்ஏசியா என்னும் ஆய்வு நிறுவனமும் சர்வோதய இயக்கமும் இலங்கைக் கிராமங்களுக்கு எச்சரிக்கையைக் கொண்டுசேர்க்கும் வழிகளை ஆராய்ந்தபோது, இந்நெறிமுறையையும் பயன்படுத்திப் பார்த்தன.

எக்ஸ்.எம்.எல்லுக்குக் குறைகளும் உள. ஒவ்வொரு பெயரையும் இருமுறை எழுதுவதால் ஆவணம் பருத்துவிடும். இதனாலேயே இணையச் செயலிகள் பல, ஜேசன் என்னும் சுருங்கிய முறையை இப்பொழுது விரும்புகின்றன. எனினும், இன்று எழுத்து அலுவல்களுக்கு வழங்கும் வேர்ட் ஆவணங்கள் உள்ளே எக்ஸ்.எம்.எல். வடிவிலேயே சேமிக்கப்படுகின்றன.

பெயரிட்டமையால் மட்டும் பொருள் விளங்கிவிடும் என்று கருதுதலும் தவறு. 1999ஆம் ஆண்டில் செவ்வாய்க் கோளுக்குச் சென்ற அமெரிக்க விண்கலம் ஒன்று அழிந்தது. ஒரு குழு இறாத்தல் அலகிற் கொடுத்த உந்துவிசைக் கணக்கை மற்றொரு குழு நியூட்டன் அலகெனக் கொண்டதே அதற்குக் காரணம். எண்ணை எந்த அலகிற் கூறுவது என்னும் உடன்பாட்டை மனிதரே செய்துகொள்ளவும், காக்கவும் வேண்டும்; எக்ஸ்.எம்.எல். அவ்வுடன்பாட்டை எழுதிவைக்க இடந்தரும். அதுபோலவே, பொய்யான எச்சரிக்கையையும் செவ்வமைப்போடு எழுதிவிடலாம். அதன் உண்மைக்கு அனுப்புவோரே பொறுப்பாவர்.

ஆகவே, ஒரு கூட்டுறவுச் சங்கமோ, பாடசாலையோ, வைத்தியசாலையோ தன் பதிவுகளைக் கணினியில் ஏற்றும்போது, முதலிற் கேட்கவேண்டிய வினா எந்தக் கருவியை வாங்குவது என்பதன்று. நாம் எழுதும் ஒவ்வொரு விவரத்துக்கும் பெயர் யாது, அலகு யாது, நம்மை அறியாத ஒருவர் பல ஆண்டுகளின் பின் இதனைத் திறந்தால் விளங்கிக்கொள்வாரா என்பனவே அவ்வினாக்கள். அவற்றுக்கு விடை கண்டோர்க்கு எக்ஸ்.எம்.எல்லின் விதிகளைக் கற்பது எளிதாகும்.