இறுவட்டில் உறங்கும் உறுதிகள்

1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, யாழ். சோனகர் தெருவுக்குத் திரும்பிய வியாபாரிகள் சிலர், காணி உறுதிப் பிரதி, கடைக் கணக்கு எல்லாவற்றையும் பழைய இறுவட்டுக்களில் வைத்திருப்பதைக் கண்டிருக்கிறேன். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் சீடி டிரைவே இல்லை. வட்டு கெடுமுன், டிரைவ் உள்ள கணினியில் அதை 'ஐ.எஸ்.ஓ.' எனும் ஒரே கோப்பாக நகலெடுங்கள். விண்டோஸ் 8 முதல், அதை இருமுறை சொடுக்கினால் வட்டைப் போலவே திறக்கும். பழைய விண்டோஸில் இலவச 7-ஸிப் மென்பொருள் உள்ளிருப்பதைப் பிரித்துத் தரும். தேவையான கோப்புக்களை பென்ட்ரைவ் இரண்டில் பிரதி செய்து, ஒன்றைப் புத்தளத்து உறவினரிடம் கொடுத்து வையுங்கள். ஸ்கேன் பிரதி உறுதிக்கு ஈடாகாது. ஆனால் அதிலுள்ள உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசு பெயர் தெரிந்தால், காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி தேடுவது எளிது.