உங்களுக்குத் தெரியுமா? குரைக்கும் நாயைவிட உறைந்து நிற்கும் நாயே பூனைக்கு ஆபத்து!

சத்தமே இல்லாமல், உடல் விறைத்து, வைத்த கண் வாங்காமல் பூனையைப் பார்க்கிறதா உங்கள் நாய்? அது கோபமல்ல, வேட்டையின் தொடக்கம். பார்த்தல், பதுங்குதல், துரத்துதல், கவ்வுதல் என்பதே அதன் வரிசை. வயிறு நிறைந்த நாயும் துரத்தும்.

• சிப்பிப்பாறை, கன்னி, கிரேஹவுண்ட் ஆகியவை கண்பார்வையால் இரை பிடிக்கும் இனங்கள். உட்கார்ந்திருக்கும் பூனையைச் சட்டை செய்யாத நாய்கூட அது ஓடினால் பாயும். வீட்டுக்குள் சாது, தோட்டத்தில் வேறு கதை!

• பிரிட்டனில் பந்தயத்திலிருந்து ஓய்வுபெறும் கிரேஹவுண்டுகளைத் தத்துக் கொடுக்கும் அமைப்புகள் பல, பூனையைக் கண்டால் அவை என்ன செய்கின்றன என்று முன்பே சோதிக்கின்றன.

• நாயையும் பூனையையும் புதிதாக அறிமுகப்படுத்தும்போது, முதல் சில நாள் ஒன்றுக்கொன்று முகமே காட்டாதீர்கள். படுக்கைத் துணிகளை மாற்றிப்போட்டு வாசனையைப் பழக்குங்கள். பிறகு தடுப்புக் கதவுக்கு இருபுறமும், நாய் வாரில் இருக்க, சில நிமிடச் சந்திப்பு. பூனையிடமிருந்து கண்ணை எடுத்து உங்களைத் திரும்பிப் பார்த்ததா? அந்த நொடியே தின்பண்டம்! பூனைக்கு உயரமான அலமாரியும், நாய் நுழைய முடியாத அறையும் கட்டாயம். பூனையைக் கையில் தூக்கிக் காட்டவே வேண்டாம் (கீறல் உங்களுக்குத்தான்).

• பூனை 6 மாதத்துக்குள்ளும் நாய் 1 வயதுக்குள்ளும் அறிமுகமானால் நன்றாக ஒத்துப்போகின்றன என்கிறது 2008-இல் வெளியான டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வு.

• சில நாய்கள் கடைசிவரை பழகுவதில்லை. அவற்றுக்குத் தனி அறைதான் வழி.